மூன்று விரல் தடம்

ஊர் என்றால் ஒரு வேலி இருக்கும், வேலி என்றால் ஒரு படல் இருக்கும், படல் என்றால் அதைத் திறக்க ஒரு கையும் சாத்த ஒரு கையும் இருக்கும். எங்கள் வேலாங்காட்டுப்புதூரில் திறந்த கையும் சாத்திய கையும் ஒன்றாகப் போனதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்கழி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை, கிலுவை வேலியெல்லாம் பனியில் நனைந்து நின்ற காலையில், வாசல் தெளிக்க வந்த அத்தாயி, முந்தின நாள் பொழுதோடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த தன் புருசன் பொங்கியண்ணனின் காலடித் தடத்தைப் பார்த்தாள். புழுதியில் வரிசையாக மூன்று விரல் தடம். நடுவிரல் நீளம், பக்கத்து விரல்கள் குட்டை, நுனியில் நகம் குத்திய புள்ளி. பறவைகள் திரும்பி வந்துவிட்டன என்று அவளுக்கு நெஞ்சு ஒரு குதி குதித்தது. அது சந்தோசமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. வேலியோரம் போய் எட்டிப் பார்த்தாள். ஒன்றையும் காணோம். திரும்பி வரும்போது தான் நடந்த வழியைப் பார்த்தாள். அதிலும் மூன்று விரல். சேலையைத் தூக்கிக் காலைப் பார்த்தாள். கால் அதே கால், அஞ்சு விரல், மெட்டி, பித்தவெடிப்பு, எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. மண்ணில் விழுந்ததுதான் வேறு.

அவள் சத்தம் போடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை, சீமாற்றை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். பொழுது ஒரு முழம் ஏறுவதற்குள் ஊரில் இருந்த நாற்பத்து மூன்று வீட்டு வாசலிலும் சரக் சரக்கென்று சீமாற்றுச் சத்தம் கேட்டது. ஒருவரும் ஒருவரை ஏன் கூட்டுகிறாய் என்று கேட்கவில்லை.

பறவைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். மூன்று வருசத்துக்கு முன்னால், வெள்ளைச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் காரில் வந்து தலைவாசல் வேம்படியில் நின்று, ஆட்டையும் மாட்டையும் கட்டி மாரடித்தது போதும், ஈமுக்கோழி வளருங்கள், குஞ்சும் நாங்களே தருகிறோம், தீனியும் நாங்களே தருகிறோம், முட்டையையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். நாங்கள் ஆசைப்பட்டோம். அதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, ஆசைப்பட்டவன் கதை எல்லா ஊரிலும் ஒரே கதைதான். கொறங்காடு என்று நாங்கள் சொல்லும் மேய்ச்சல் நிலத்தில், சுற்றிலும் கிலுவை வேலியும் நடுவில் வெள்ளவேல மரங்களும் கொழுக்கட்டைப் புல்லுமாகத் தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து ஆடுமாட்டுக்கென்றே விட்டுவைத்த நிலத்தில், கம்பிவலை கட்டிப் பறவைகளை விட்டோம்.

ஆள் உயரம் இருக்கும். பறக்காது. இறக்கை என்று பேருக்கு ஏதோ கக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் ஓடினால் டவுன் பஸ் பின்தங்கும். நடந்து வந்தால் வைக்கோல்போர் ஒன்று கால் முளைத்து வருகிற மாதிரி இருக்கும். பளபளப்பாக எதைக் கண்டாலும் விழுங்கிவிடும். சட்டைப் பித்தான், சைக்கிள் திருகு, நாச்சிமுத்துவின் சம்சாரம் கழற்றி வைத்த தோட்டுத் திருகாணி, எல்லாம் அதன் வயிற்றில்தான். புழுதியைக் கண்டால் புரளும். மழை பெய்தால் ஆடு ஒதுங்கும், மாடு ஒதுங்கும், இது மட்டும் நடுக்காட்டில் நின்று நனையும். பெட்டை கத்தாது, நெஞ்சுக்குள்ளிருந்து டும் டும் என்று பம்பை அடிக்கும். முதல்முதலாக அந்தச் சத்தம் கேட்டபோது, எந்த ஊர்க் கோயிலில் நோம்பி சாட்டியிருக்கிறார்கள் என்று ஒருவரை ஒருவர் விசாரித்தோம்.

பெட்டை கரும்பச்சையில் முட்டை இட்டுவிட்டு அதன்பாட்டுக்குப் போய்விடும். அடை உட்காருவது சேவல். உட்கார்ந்தால் ஐம்பத்தாறு நாள். தின்னாது, குடிக்காது, முட்டையைப் புரட்டிவிட எழும், மறுபடி உட்காரும். முதுகில் விழுகிற பனிதான் அதற்குத் தண்ணீர், உடம்பிலிருக்கிற கொழுப்புதான் அதற்குச் சோறு. இதைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்ப் பொம்பளைகள் புருசன்மாரைப் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. "பாத்துக்குங்க, ஒரு சேவலுக்கு இருக்கற பொறுப்பு," என்பார்கள். "நீயும் முட்டையிட்டுக் குடு, உக்காந்து பாக்கறேன்," என்பார் நாச்சிமுத்து.

இதையெல்லாம்விட ஒன்று. அது ஆள் பின்னாலேயே வரும். கோலெடுத்து ஓட்டினால் நாலு திசைக்கும் சிதறும், ஒரு அடி நகர்த்த முடியாது. ஆனால் நீங்கள் பாட்டுக்கு முன்னால் நடந்தால், இவன் எங்கே போகிறான் என்று பார்க்கக் கழுத்தை நீட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடும். அதை முதலில் கண்டுபிடித்தவர் பொங்கியண்ணன். அவர் கொறங்காட்டுக்குள் நடந்தால் அவருடைய பன்னிரண்டு பறவையும் பொண்ணழைப்புக்குப் போகிற மாதிரி பின்னால் வரும். அவருக்கு அதில் ஒரு பெருமை.

பிறகு வெள்ளைச் சட்டைக்காரர்கள் வரவில்லை. தீனி லாரி வரவில்லை. கம்பைப் போட்டோம், மக்காச்சோளத்தைப் போட்டோம், கீரைத்தண்டைப் போட்டோம், மாட்டுக்கு இருந்ததைப் பிடுங்கிப் போட்டோம், பிறகு போடவில்லை. அவை ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கித் தின்றன. படலோரம் வந்து நின்று, யார் போனாலும் கழுத்தை நீட்டிப் பார்த்தன. கார்த்திகைக் கடைசியில் தலைவாசலில் கூடினோம். எப்படி வெளியேற்றுவது என்றுதான் பேச்சு. வெளியேற்றலாமா என்று பேச்சில்லை, அதை ஒவ்வொருவரும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருந்தோம்.

"நூத்திநாப்பது உருப்படி. ஓட்டி மாளுமா?" என்றார் நாச்சிமுத்து.

பொங்கியண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஓட்டோணும்னு எதுக்கு நெனைக்கறீங்க? முன்னால நடந்தாப் போதும்."

செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தோம். இரண்டு பக்கமும் வேலி உயர்ந்து நடுவில் வண்டி போகிற அளவுக்கு மணல் கிடக்கும் இட்டேரியில், வீட்டுக்கு ஒரு ஆளாக நாங்கள் முன்னால், நூற்று நாற்பது பறவைகள் பின்னால், கரட்டு ஓடைப் புறம்போக்குக்கு நாலு மைல். எங்கள் காலடியின்மேல் அவற்றின் காலடி விழுந்து விழுந்து, நாங்கள் நடந்ததற்கு அடையாளமே இல்லாமல் போனது. அப்போது அது வசதியாகத்தான் தெரிந்தது.

பொங்கியண்ணனின் ஒரு சேவல் மட்டும் எழவில்லை. ஒன்பது முட்டைமேல் உட்கார்ந்து ஆறாவது நாள் அது. அவர் முன்னால் நடந்து பார்த்தார், வரவில்லை. அத்தாயியின் பழஞ்சேலையைக் கூடையில் விரித்து, முட்டைகளை ஒவ்வொன்றாக அதன் வயிற்றுக்கடியிலிருந்து எடுத்து வைத்தார்; அது கொத்தவில்லை, உதைக்கவில்லை, அவர் கையையே பார்த்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எழுந்து பின்னால் வந்தது. நாலு மைலும் கூடைமேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. புறம்போக்கில் ஒரு வேலமரத்தடியில் குழி பறித்து முட்டைகளை வைத்தார். அது குனிந்து பார்த்தது, அலகால் ஒன்றை நகர்த்திச் சரிசெய்தது, காலை மடித்து உட்கார்ந்துகொண்டது.

மற்றவர்கள் கடைசித் தீனி மூட்டையை அவிழ்த்துப் பரவலாகக் கொட்டினோம். எல்லாத் தலையும் கீழே குனிந்ததும் ஒவ்வொருவராக இட்டேரி முனைப் படலுக்கு இந்தப் பக்கம் நழுவி, படலைச் சாத்தி, முள்ளை வெட்டி அணைத்தோம். பிறகு கழுத்துகள் ஒவ்வொன்றாக வேலிக்குமேலே எழுந்தன. வரிசையாக நின்று எங்களைப் பார்த்தன. நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று ஊர் வந்து சொல்லிக்கொண்டோம். திரும்பிப் பார்க்காதவர்களுக்குக் கழுத்துகள் வரிசையாக நின்றது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்துத்தான் அத்தாயி தடத்தைப் பார்த்த அந்த வெள்ளிக்கிழமை.

முதலில் செருப்புப் போட்டுப் பார்த்தோம். செருப்போடு நடந்தாலும் மூன்று விரல்தான் விழுந்தது. நாச்சிமுத்து ஆசாரியிடம் போய், பலகையில் அஞ்சு விரல் செதுக்கி வாங்கி, காலுக்கடியில் கட்டிக்கொண்டு நடந்தார். பலகையில் அஞ்சு, மண்ணில் மூன்று. தார்ரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போன இரண்டு பேரை டாக்டர் மேசையில் படுக்கவைத்துக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காலுக்கு ஒன்றுமில்லையே, எதற்கு வந்தீர்கள் என்றார். "நோவு மண்ணுக்குங்க சார்," என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் திரும்பி வந்தார்கள்.

பிறகு பழகிக்கொண்டோம். எதற்கும் பழகிக்கொள்கிற ஊர் எங்களுடையது. வாசலுக்குச் சிமெண்டு போட முடிந்தவர்கள் போட்டார்கள், முடியாதவர்கள் கல் பரப்பினார்கள். எங்கே போனாலும் இடுப்பில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகிக்கொண்டு, நடந்த வழியை நடந்தபடியே கலைத்துக்கொண்டு போனோம். ஒறம்பரை என்று விருந்தாள் யாராவது வந்தால், தார்ரோடு வரைக்கும் போய், அவர்களை முன்னால் நடக்கவிட்டு, பின்னால் தடத்தைக் கலைத்துக்கொண்டே அழைத்துவந்தோம். கரட்டு ஓடைத் திசையில் யாரும் ஆடு ஓட்டவில்லை. புல் அங்கேதான் இருந்தது. ஆடுகள் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினால் இழுத்துத் திருப்பினோம். பறவை ஒன்று லாரியில் அடிபட்டுக் கிடந்தது, நாய் இழுத்தது, சந்தையில் கறியாகத் தொங்கியது என்று சேதி வரும்போதெல்லாம், அது வேறு ஊர்ப் பறவையாக இருக்கும் என்றோம்.

நாச்சிமுத்துவின் மகள்வயிற்றுப் பேத்தி அந்த மார்கழியில்தான் எழுந்து நின்று முதல் அடி வைத்தது. குடும்பமே கைதட்டியது. நாலு அடி நடந்து பொத்தென்று உட்கார்ந்து, தன் காலடியை விரலால் தொட்டுப் பார்த்தது. நாலும் மூன்று விரல், மைனாக் கால் அளவுக்கு. தாய்க்காரி குனிந்து முந்தானையால் அதை அழித்தாள். "இது என்னப்பா பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்டாள். நாச்சிமுத்து எழுந்து கட்டுத்தரைப் பக்கம் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் முட்டைப் பகடி பேசி யாரும் கேட்கவில்லை.

பொங்கியண்ணன் வீட்டில் வேறு ஒன்று நடந்தது. அவர் வட்டிலில் கை வைக்கும்போதெல்லாம் அத்தாயி சொல்வாள்: "அது இன்னிக்கும் தின்னிருக்காது."

திட்டுகிற மாதிரி சொல்லமாட்டாள். குழம்பில் உப்பு இல்லை என்று சொல்வதுபோலச் சொல்வாள். காலையில் ஒரு தடவை, உச்சிக்கு ஒரு தடவை, பொழுதோடு ஒரு தடவை. அவர் தலையைக் குனிந்தபடி தின்பார்.

"போய்ப் பாத்துட்டு வரலாமுல்ல?" என்பாள் சில நாள்.

"போனா எந்திரிச்சு பின்னாலயே வந்துட்டா?"

"வரட்டுமே."

"ஒண்ணு வந்தா எல்லாம் வரும் புள்ள. ஊரு என்னையத்தான் பேசும்." அப்புறம் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல: "போகாம இருந்தா, உசுரோட இருக்குதுன்னு நெனச்சுக்கவாவது செய்யலாம்."

தை பிறந்து பட்டிப் பொங்கல் வந்தது. கட்டுத்தரையில் சாணத்தால் தெப்பக்குளம் கட்டி, தண்ணீர் விட்டு, ஆவாரம்பூப் போட்டு, கன்றைத் தெப்பம் மிதிக்க வைத்துவிட்டு, மாவிலையால் தண்ணீர் தெளித்துக்கொண்டு பட்டியை மூன்று சுற்றுச் சுற்றி, பட்டி பெருகோணும் பட்டி பெருகோணும் என்று சத்தம் போடுவது எங்கள் வழக்கம். அந்த வருசமும் சுற்றினோம், சத்தமும் போட்டோம். ஈரத்தரை. மூன்று சுற்று முடிந்து பார்த்தால், பட்டியைச் சுற்றி நூற்றுக்கணக்கில் மூன்று விரல். பெருகோணும் என்று நாங்கள் கேட்டது கேட்டபடி பெருகிக் கிடந்தது. ஈரத்தில் சீமாறு எடுபடாது, கூட்டினால் சேறுதான் இழுக்கும். பொங்கலை யாரும் வாயில் வைக்கவில்லை, மாட்டுக்கே வைத்துவிட்டோம்.

ஆனால் எங்களை நிசமாகத் தலைகுனிய வைத்தது அது இல்லை.

எவ்வளவு கூட்டினாலும் ஒரு ஊர் முழுவதையும் கூட்டிவிட முடியாது. பால்வண்டிக்காரர் பார்த்தார், தபால்காரர் பார்த்தார், வேலி ஓரமாக ஆடு மேய்த்துப் போன பக்கத்து ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரும் எங்களைப்போலத்தான் செய்திருந்தது, பறவைகளைத் துரத்திவிட்டுக் கம்பிவலையைச் சுருட்டி வைத்திருந்தது. வேலாங்காட்டுப்புதூரில் மட்டும் இட்டேரி, வாய்க்கால் மேடு, கோயில் வாசல், எங்கே பார்த்தாலும் பறவைத் தடம். அதனால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் பட்டினி கிடந்தாவது பறவைகளை வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது.

பொங்கியண்ணன் பருத்திக்கொட்டை வாங்கக் கைகாட்டிக் கடைவீதிக்குப் போனார். டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்றார்.

"உக்காருங்க. நீங்க வேலாங்காட்டுப்புதூருதானுங்க?"

"ஆமாங்க."

"நாங்கெல்லாம் என்ன மனுசங்க, போங்க. எங்கூர்ல ஒருத்தன் அதையப் பொறி வெச்சுக் கொன்னான். நீங்கதான் மனுசங்க. எத்தன வெச்சிருக்கறீங்க?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். "இருக்குதுங்க... கொஞ்சம்," என்றார். கடைக்காரர் டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தார். அந்த டீ கசந்தது என்று பொங்கியண்ணன் எங்களிடம் சொல்லவில்லை. ரொம்ப இனித்தது என்றுதான் சொன்னார், அதைத்தான் தாங்க முடியவில்லை என்றார்.

அதற்கப்புறம் ஊரே அந்தப் பொய்யை உடுத்திக்கொண்டது. பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார், உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி மற்ற பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னார், தட்டல் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டன. என் கையையும் ஒருத்தர் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கையை உருவவில்லை.

தை இருபத்தி மூன்றாம் தேதி, உச்சி சாய்கிற நேரத்தில், பாறவலசிலிருந்து பாவாத்தாள் என்று ஒரு பொம்பளை வந்தாள். நாற்பது வயது இருக்கும், காலில் செருப்பில்லை, தலையில் முருங்கைக் கீரைக் கட்டு. பின்னாலேயே ஒரு பெட்டைப் பறவை. பதிமூன்று மைல் நடந்து வந்திருந்தாள். ஊருக்குள் நுழைந்த வழியில் எங்கள் தடங்களைப் பார்த்துப் பார்த்து அவள் முகம் மலர்ந்துபோயிருந்தது. முதல் வீடு பொங்கியண்ணன் வீடு.

"அண்ணா, கும்புடறனுங்க. எம்பட ஊட்டுக்காரரு இதைய வாங்கி உட்டுட்டுத் திருப்பூருப் போனவரு திரும்பலீங்க. ரெண்டு வருசமா நான் தின்னதைத்தான் இதும் தின்னுது. இப்ப எனக்கே வேலை இல்லீங்க. உங்கூர்ல பாக்கறீங்கன்னு சொன்னாங்கொ. இத்தோட இன்னொண்ணா நிக்கட்டுமுங்க."

ஊர் ஒவ்வொரு வீடாக வெளியே வந்து தூரத்தில் நின்றது. ஒருவரும் பக்கத்தில் வரவில்லை.

"வெச்சுக்கறம், அம்முணி," என்றார் பொங்கியண்ணன். "நீங்க தண்ணி குடிச்சுட்டுக் கெளம்புங்க."

"ஒருக்கா மத்ததையெல்லாம் பாத்துட்டுப் போறனுங்க. இது பயந்த சுபாவமுங்க. பெரிய பறவைங்க கொத்துமான்னு பாத்துக்கறன்."

"எல்லாம்... காட்டுக்குள்ள மேயுதுங்க."

"அதனாலென்னுங்க, நடந்தே வந்தவளுக்கு இன்னும் நாலு எட்டு நடக்க முடியாதா?"

அப்போது அந்தப் பெட்டை கழுத்தைத் தாழ்த்தி நெஞ்சுக்குள்ளிருந்து டும் டும் என்று அடித்தது. ஐம்பது நாளாக அந்தச் சத்தம் எங்கள் ஊரில் இல்லை. பம்பைச் சத்தத்துக்கு மருள் வந்தவர்போலப் பொங்கியண்ணனுக்கு உடம்பு ஒரு தரம் உதறியது. அவர் வீட்டுமுன் பரப்பியிருந்த கல்லைவிட்டு இறங்கி, வாசலில் புழுதி ஆழமாகக் கிடந்த இடத்துக்கு வந்து, பாவாத்தாள் பார்க்கப் பத்து அடி நடந்தார். நடந்து முடித்துத் திரும்பி நின்றார்.

"ஒண்ணுகூட இல்லீங்க, அம்முணி. நீங்க வழியெல்லாம் பாத்தது எங்க காலு."

பாவாத்தாள் அந்தப் பத்துத் தடத்தையும் பார்த்தாள். அவர் காலைப் பார்த்தாள். மறுபடி தடத்தைப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்; முன்னால் நடந்தால் போதும் என்று தான் சொன்னது, கொட்டின தீனி, சாத்தின படல், கூடை, ஒன்பது முட்டை. நடுவில் நிறுத்தவில்லை. தூரத்தில் நின்ற நாங்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டோம்.

அவள் கேட்டது ஒன்றுதான். "அப்ப நானும் இதைய உட்டுட்டுப் போனா, எனக்கும் இப்பிடித்தானுங்களா?"

"தெரியலீங்க."

அவள் குனிந்து, தான் வந்த தடத்தைப் பார்த்தாள். அஞ்சு விரல். பெருவிரல் கொஞ்சம் விலகி, குதிகால் ஆழமாக. கீரைக்கட்டை மறுபடி தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"நல்லவங்க இருக்கறாங்கன்னு நம்பித்தானுங்க உடலாம்னு வந்தேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "இல்லேன்னா நானே பாத்துக்க வேண்டீதுதான். வா கண்ணு."

வந்த வழியே நடந்தாள். பெட்டை கழுத்தை நீட்டிக்கொண்டு பின்னால் போனது. யாராவது தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கலாம்; அத்தாயிதான் ஓடிப்போய்ச் சொம்பை நீட்டினாள், அவள் குடித்தாள், மீதியைப் பறவைக்குக் காட்டினாள், போய்விட்டாள்.

அன்றைக்குப் பொழுதோடு ஊரில் யாரும் கூட்டவில்லை. பறவையின் கால் படாத ஓரங்களில் பாவாத்தாளின் காலடி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பிக் கிடந்தது. ஐம்பது நாளுக்கப்புறம் எங்கள் மண்ணில் நாங்கள் கலைக்காமல் விட்ட முதல் மனுசத்தடம். நாச்சிமுத்துவின் மகள் பேத்தியைத் தூக்கி வந்து காட்டினாள். பெரியவர்கள் குந்தவைத்து உட்கார்ந்து, அஞ்சு விரலையும் எண்ணிப் பார்த்தார்கள். ஆடு மிதித்துவிடக் கூடாது என்று ஒன்றின்மேல் யாரோ முறத்தைக் கவிழ்த்து வைத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் பொங்கியண்ணன் கிளம்பினார். அத்தாயி குடத்தில் தண்ணீரும் மடியில் கம்புமாகக் கூட நடந்தாள். நாலு மைல். இட்டேரி முடிகிற இடத்தில் நாங்கள் வெட்டி அணைத்த முள் காய்ந்து இறுகிக் கிடந்தது. கையாலேயே பிரித்தார். கை கிழிந்தது, அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

உள்ளே ஒரு பறவையும் இல்லை. வேலமரத்தடியில் அது இருந்தது.

உட்கார்ந்திருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது. பாதி உடம்பாகிவிட்டது. முதுகெலும்பு கூரைமுகடுபோலத் துருத்தி நின்றது, சிலந்தி அதன்மேல் நூல் கட்டியிருந்தது, நூலில் பனி தொங்கியது. காலுக்கடியில் பழுப்பும் வெளுப்புமாகக் கோடு போட்ட குஞ்சுகள் ஏழு, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு. இரண்டு முட்டை பொரியாமல் கிடந்தது. அது இன்னும் அந்த இரண்டையும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அந்தக் கூடை.

பொங்கியண்ணன் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். அது ஓடிவந்து உதைக்கும் என்று எதிர்பார்த்தார். குஞ்சு வைத்திருக்கிற சேவல் ஆளையே கிழித்துவிடும், அது அவருக்குத் தெரியும். உதைக்கட்டும் என்றுதான் நின்றார். அது தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. அத்தாயி தண்ணீரை வைத்தாள், வெகுநேரம் குடித்தது. கம்பைப் போட்டாள், குஞ்சுகள் தின்ன விட்டுப் பிறகு தின்றது. தின்று முடித்ததும் அவர் பக்கத்தில் வந்து, கழுத்தை நீட்டி, இனி எங்கே என்று கேட்பதுபோல நின்றது.

"ஒரு கொத்துக் கொத்தாதா இது?" என்றார் பொங்கியண்ணன். "ஏம்புள்ள, ஒரே ஒரு கொத்து."

"அதுக்கு அதெல்லாம் தெரியாது," என்றாள் அத்தாயி. "நடங்க. கூட்டிட்டு வந்தது நீங்கதான? முன்னால நடங்க."

நடந்தார். பின்னால் அது வந்தது. அதன் பின்னால் ஏழு. நாலு மைலும் அவர் அழுதுகொண்டே நடந்தார் என்று அத்தாயி சொல்லவில்லை, கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டாள். ஊர் எல்லையில் நாங்கள் எல்லோரும் நின்றோம். அந்தப் பறவை எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனது. கோபம் இருந்திருந்தால் அந்தக் கண்ணைப் பார்த்திருப்போம். தெரிந்த ஆள்களைப் பார்க்கிற கண் அது. திரும்பாத நூற்று முப்பத்தொன்பதையும் மனசில் வைத்துக்கொண்டு நாங்கள் தரையைப் பார்த்தோம், தரையில் வேறென்ன இருக்கிறது பார்க்க. நாச்சிமுத்துதான் முதலில் அசைந்தார். போய்க் கொறங்காட்டுப் படலைத் திறந்து, மாட்டுக்கு அறுத்துவந்த புல்லைச் சுமையோடு உள்ளே வைத்தார்.

தடம் மாறிற்றா என்று கேட்பீர்கள். இல்லை. பொங்கியண்ணனுக்கும் மாறவில்லை, எங்கள் யாருக்கும் மாறவில்லை, நேற்றுப் பிறந்த பிள்ளை எழுந்து நடந்தாலும் மூன்று விரல்தான். மாறியிருந்தால் மறந்துவிடுவோம் என்று மண்ணுக்குத் தெரியும்போல. கூட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டோம். வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் இட்டேரியில் நின்று தடங்களைப் பார்த்துவிட்டு, அடேயப்பா, எத்தனை பறவைங்க உங்கூர்ல என்று கேட்கிறார்கள். யாரைக் கேட்டாலும், அஞ்சு வயசுப் பிள்ளையைக் கேட்டாலும், ஒரே பதில்தான் சொல்வோம்.

"பறவை எட்டுங்க. மிச்சமெல்லாம் நாங்க."